தி க்ரூ: ஒன்பதாம் கோளைத் தேடி ஒரு வருடம்

விதிகளைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பதினைந்து நிமிடம் போதுமாக இருந்தது. ஆடக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. 'தி க்ரூ: தி குவெஸ்ட் ஃபார் பிளானட் நைன்' விளையாட்டின் 50 மிஷன்களையும் என் கணவர், தம்பி, என் தோழி, நான் என நான்கு பேரும் முடித்துவிட்டு, இப்போது வேறு ஆட்களோடு இரண்டாம் முறை தொடங்கியிருக்கிறேன். முதல் வாரத்தில் எழுதியிருந்தால் 'எளிமையான சீட்டாட்டம், நன்றாக இருக்கிறது' என்று முடித்திருப்பேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தோமாஸ் ஸிங் வடிவமைத்து 2019-இல் வெளிவந்தது இது. 2020-இல் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு ஜெர்மனி தரும் கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதும் பெற்றது. பெட்டி கையளவுதான். உள்ளே 40 ஆட்டச் சீட்டுகள்: நான்கு நிறங்களில் 1 முதல் 9 வரை 36, அவற்றோடு 1 முதல் 4 வரை எண்ணிட்ட ராக்கெட் சீட்டுகள் நான்கு. ராக்கெட்தான் துருப்பு, அதாவது மற்ற எந்த நிறத்தையும் வெல்லும் சீட்டு. இவை தவிர, ஒவ்வொரு நிறச் சீட்டுக்கும் ஜோடியாகச் சிறிய பணிச் சீட்டு ஒன்று என இன்னும் 36.

துருப்பு வைத்துச் சீட்டாடிப் பழகியவர்களுக்கு அடிப்படை புதிதல்ல. ஆளுக்கு ஒரு சீட்டு போட்டால் ஒரு சுற்று. அதில் முதலில் இறக்கிய நிறத்தையே மற்றவர்களும் போட வேண்டும், இல்லாதவர் எதையும் போடலாம், அந்த நிறத்தில் பெரிய எண் சுற்றை எடுக்கும், ராக்கெட் விழுந்தால் வெட்டு. ஆனால் இங்கே எல்லோரும் ஒரே அணி. 'பச்சை 3 விழும் சுற்றை நான் எடுக்க வேண்டும்', 'மஞ்சள் 7 விழும் சுற்றை நீ எடுக்க வேண்டும்' என்று பணிகளைப் பிரித்துக்கொள்கிறோம். ஒருவர் தவறினாலும் மிஷன் எல்லோருக்கும் தோல்வி. ராக்கெட் 4 யார் கைக்கு வருகிறதோ அவர்தான் கமாண்டர். பணியை முதலில் தேர்ந்தெடுப்பவரும், முதல் சீட்டை இறக்குபவரும் அவரே.

கையில் என்ன இருக்கிறது என்று பேசக் கூடாது. இந்த ஒரு விதிதான் முழு விளையாட்டையும் தாங்குகிறது. ஒவ்வொருவரும் ஒரு மிஷனுக்கு ஒரு முறை மட்டும், ஒரு சுற்று தொடங்குவதற்கு முன், ஒரு நிறச் சீட்டைத் திறந்து வைத்து அதன்மேல் வில்லை ஒன்றை வைக்கலாம். வில்லை மேலே இருந்தால் அந்த நிறத்தில் என்னிடம் உள்ள பெரியது இது. கீழே இருந்தால் சிறியது. நடுவில் இருந்தால் அந்த நிறத்தில் இது ஒன்றுதான். நமக்குக் கிடைக்கும் பேச்சு அவ்வளவே.

ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த ஒரே தவறு, கையில் இருக்கும் சீட்டுக்கே பணியை எடுத்தது. நீல 2 என்னிடம் இருக்கிறது, ஆகவே நீல 2 பணி எனக்கு என்று எடுத்துக்கொள்வேன். நடந்தது என்ன? ஒரு சுற்றில் நான் போடக்கூடியது ஒரு சீட்டு. நீல 2-ஐ நானே போட்டால், அந்த 2-ஐ வைத்தேதான் சுற்றை ஜெயிக்க வேண்டும். மற்றவர்களிடம் நீலமே தீர்ந்து, யாரும் வெட்டாமலும் இருந்தால்தான் அது நடக்கும். சின்னச் சீட்டு கையில் இருந்தால் அந்தப் பணியை இன்னொருவர் எடுப்பதுதான் நல்லது. அவர் பெரிய சீட்டை இறக்கும்போது நான் என் 2-ஐக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 9 கையில் இருந்தால் கதை வேறு. இது புரியவே நான்கைந்து மாலைகள் ஆயின. புரிந்த பிறகு பணி பிரிக்கும் நேரமே ஒரு பேச்சாக மாறிவிட்டது. தோழி பச்சை 3-ஐ எடுக்காமல் தாண்டிப் போனாலே, அவளிடம் பச்சையில் பெரியது இருக்காது, அல்லது அந்த 3 அவள் கையிலேயே இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினோம்.

ஒன்பதாவது மிஷன் எனக்கு மிகவும் பிடித்தது. எண் 1 கொண்ட ஏதாவது ஒரு நிறச் சீட்டு ஒரு சுற்றையாவது ஜெயிக்க வேண்டும். பெட்டியிலேயே பலவீனமான சீட்டு எதை ஜெயிக்கும் என்றுதான் தோன்றும். முதல் இரண்டு முயற்சிகளில் 1 வைத்திருந்தவரிடம் அந்த நிறத்தில் வேறு சீட்டே இல்லாததால், நிறம் கேட்டபோது அதையே போட்டுவிட வேண்டியதாயிற்று. மூன்றாம் முறை என் கையில் பச்சை ஐந்து, அதில் ஒன்று 1. மீதி நான்கு பச்சைதான் மற்ற மூவரிடமும் இருக்கும். என் பெரிய பச்சைகளை ஒவ்வொன்றாக இறக்கி, எல்லோரிடமும் பச்சையைத் தீர்த்துவிட்டு, கடைசியில் 1-ஐ வைத்தேன். ராக்கெட் வைத்திருந்த தம்பி ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு நிறத்தைப் போட்டான். மேசையைச் சுற்றி எழுந்த கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

ராக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துருப்பு என்றால் கடைசிவரை பொத்திப் பாதுகாக்கும் பழக்கம் நமக்கு. இங்கே அது ஆபத்து. ஒரு மிஷனில் பத்தாவது, கடைசிச் சுற்று. மஞ்சள் 2 என் பணி. நான் மஞ்சள் 9 இறக்கினேன், கணவர் மஞ்சள் 2 போட்டார். தம்பியிடம் மீதி இருந்த ஒரே சீட்டு ராக்கெட் 3. அவனுக்கு வேறு வழியே இல்லை. சுற்று அவனுக்குப் போனது, மிஷன் போனது. "அக்கா, நாலாவது சுற்றிலேயே இதை இறக்கியிருக்கணும். அப்ப யாருக்கும் நஷ்டம் இல்லை" என்றான். சரிதான். அன்றிலிருந்து, பணிச் சீட்டு விழாத வெற்றுச் சுற்று ஒன்று வந்தால் ராக்கெட்டைச் செலவழித்துவிடுகிறோம்.

வில்லையை எப்போது வைப்பது என்பதும் பழகப் பழகத்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் 'என்னிடம் 9 இருக்கிறது' என்று சொல்லவே அதைப் பயன்படுத்தினோம். பெரும்பாலும் வீண். மூன்றில் வலுவானது நடுவில் வைப்பதுதான், ஏனென்றால் அது இரண்டு செய்தி சொல்கிறது: இந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது, இது போய்விட்டால் இந்த நிறம் என்னிடம் இல்லை. ஒரு முறை கணவர் இளஞ்சிவப்பு 6-ஐ நடுவில் வில்லையோடு வைத்தார். என் பணி நீல 4. இரண்டுக்கும் தொடர்பே இல்லாதது போலத் தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இளஞ்சிவப்பு 8-ஐ இறக்கினேன். அவருடைய 6 போனது. அடுத்து இளஞ்சிவப்பு 9. இப்போது அவர் எதையும் போடலாம். அமைதியாக நீல 4-ஐ என் சுற்றில் வைத்தார். அந்த நீல 4 அவரிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு இடம் வேண்டும் என்பது மட்டும் புரிந்தது, அதைக் கொடுத்தேன். இத்தனை வருட வாழ்க்கையில் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் இப்படி ஒன்றைச் செய்து முடித்ததில்லை என்று அன்றிரவு அவரிடம் சொன்னேன்.

மௌன விதியை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது என்பதில் எங்களுக்குள் உரசல் வந்ததுண்டு. தோழி தவறான சீட்டு விழுந்ததும் பெருமூச்சு விடுவாள். அதுவும் ஒரு தகவல்தானே! அவள் மனம் நோகாமல் அதைச் சொல்லச் சில நாள் ஆனது. பிறகு ஆட்டத்தின்போது முகத்திலும் பேசாமல் இருப்பது, முடிந்ததும் ஒவ்வொரு சுற்றையும் வேண்டுமளவு அலசுவது என்று முடிவு செய்தோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த அலசலைக் கட்டாயம் பரிந்துரைப்பேன். நாங்கள் கற்றதில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.

மிஷன்கள் வளரும் விதம் அழகு. பணிகளை வரிசைப்படி முடிக்கச் சொல்லும் எண் வில்லைகள் வரும், ஒரு பணியைக் கடைசியாகத்தான் முடிக்க வேண்டும் என்று ஒமேகா வில்லை வரும், தொடர்பு துண்டிக்கப்பட்டு, திறந்து வைத்த சீட்டு பெரியதா சிறியதா என்றே சொல்ல முடியாமல் போகும். ஐந்தாவது மிஷனில் ஒருவர் நோயாளி. அவர் ஒரு சுற்றைக்கூட எடுக்கக் கூடாது. கமாண்டர் நலம் விசாரிப்பார், பதில் 'நன்றாக இருக்கிறேன்' அல்லது 'முடியவில்லை' மட்டுமே. கதையும் விதியும் அங்கே ஒன்றாகின்றன.

மற்றபடி கதை மெலிது. பெட்டியோடு வரும் பதிவேட்டில் ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு சிறு பத்தி, அவ்வளவுதான். ஆழமான கதைக்காக அறிவியல் புனைவு ஆட்டம் தேடுபவர்கள் இதில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் அந்தப் பத்திகளை ஒவ்வொரு முறையும் நான் உரக்க வாசித்தேன், ஏனெனில் பின்னணியான ஒன்பதாம் கோள் தேடல் எனக்குப் பிடித்த விஷயம். அதுவரை ஒன்பதாம் கோளாக இருந்த புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனது. 2016-இல் கான்ஸ்டன்டின் பாட்டிகின், மைக் பிரவுன் என்ற, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், நெப்டியூனுக்கு அப்பால் உள்ள சில தொலைதூரப் பொருள்களின் பாதைகள் ஒரே பக்கம் கூடியிருப்பதைக் கொண்டு, கண்ணுக்கு அகப்படாத பெரிய கோள் ஒன்று இருக்கலாம் என்றார்கள். நேரில் பார்க்காமல், மற்றவை நகரும் விதத்திலிருந்து ஒன்றை ஊகிப்பது. மேசையில் நாங்கள் செய்துகொண்டிருந்ததும் அதுவே என்பதால் அந்தப் பத்திகள் எனக்கு இன்னும் நெருக்கமாயின.

ஆபத்து சமிக்ஞை என்று ஒரு வசதி உண்டு. முதல் சுற்றுக்கு முன் எல்லோரும் ஒரே திசையில் பக்கத்தவருக்கு ஒரு சீட்டைக் கொடுக்கலாம், ராக்கெட் கூடாது. பதிவேட்டில் ஒரு முயற்சி கூடுதலாகக் கணக்காகும். அந்த எண்ணிக்கைக்காக முப்பது மிஷன் வரை நாங்கள் அதைத் தொடவே இல்லை. இப்போது அது தவறென்று நினைக்கிறேன். சீட்டு விழுந்த விதத்தால் ஏறக்குறைய முடியவே முடியாத கைகள் வருவதுண்டு. ஒரே மிஷனில் எட்டு முறை தோற்று மனம் சோர்வதைவிட சமிக்ஞை கொடுப்பது எவ்வளவோ மேல்.

நான்கு பேர்தான் இதற்குச் சரியான எண்ணிக்கை. ஐந்து பேர் என்றால் கைக்கு எட்டுச் சீட்டு மட்டுமே, பிழை செய்ய இடமில்லை. இரண்டு பேருக்கு ஜார்விஸ் என்ற கற்பனைத் தோழனின் சீட்டுகளைக் கமாண்டரே ஆடும் முறை இருக்கிறது. அது நல்ல புதிர், ஆனால் மனிதரை வாசிக்கும் சுகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. 2021-இல் வந்த கடலடி வடிவமான 'மிஷன் டீப் ஸீ'யில் பணிகள் இன்னும் பலவகை. துருப்பு ஆட்டம் நன்கு தெரிந்தவர்கள் நேராக அதற்கே போகலாம். மற்றவர்களுக்கு இதிலிருந்து தொடங்குவதே எளிது.

இந்த இரண்டாம் ஆட்டத் தொடரில் தோழியின் மகளும் அவளுடைய நண்பர்கள் இருவரும் என்னோடு ஆடுகிறார்கள். பன்னிரண்டாவது மிஷனில் நிற்கிறோம். சென்ற முறை அந்தப் பெண் தன் கையில் இருந்த இளஞ்சிவப்பு 2-க்கே பணியை எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. தோற்ற பிறகு சீட்டுகளைத் திறந்து பரப்பி, "ஆன்ட்டி, இதை நீங்க எடுத்திருந்தா?" என்று அவளே கேட்டாள்.