ஜே-லாட் 10.6 செல் லைன்: ஸ்விட்ச் பாக்க அருமை, மருந்து முடிவு பண்ண பத்தாது

எச்ஐவி ஏன் வருஷக்கணக்கா டி செல்லுங்கற நோய் எதிர்ப்பு செல்லுக்குள்ள சத்தமே இல்லாம கிடக்கு, எது அதை எழுப்புதுன்னு லேப்ல பாக்கணும்னா முதல்ல எல்லாரும் கேக்குறது இந்த ஜே-லாட் தான், அதாவது எச்ஐவி தூங்குற நிலையில உள்ள, லேப்ல வளக்குற டி செல் வகை. இதுல பல குளோன் இருக்கு (குளோன்னா ஒரே செல்லுல இருந்து பெருக்குன கூட்டம்), 10.6ங்கறது அதுல ஒண்ணு. 2003ல எரிக் வெர்டின் குழு கொண்டுவந்தது. ஜுர்காட்னு ஒரு டி செல் வகையோட டிஎன்ஏல வைரஸ் ஜீனோமை சேர்த்து, வைரஸோட வெளி உறைக்கான என்வ் ஜீனை வேலை செய்யாம பண்ணி, நெஃப்னு இன்னொரு வைரஸ் ஜீன் இருந்த இடத்துல பச்சையா ஒளிரும் புரதத்தோட ஜீனை (ஜிஎஃப்பி) வச்சிருக்காங்க, அதனால வைரஸ் முழிச்சா செல் பச்சையா ஒளிரும், ஆனா பக்கத்து செல்லுக்கு பரவாது. (அதுக்காக கிளவுஸை கழட்டிடாதீங்க.)

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா வைரஸைத் தூங்க வைக்கிறதா பாடத்துல படிச்ச ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியா தொட்டுப் பாக்கலாம். டிஎன்எஃப் ஆல்ஃபாங்கற அழற்சி சிக்னல் புரதம் போட்டா, ஜீன்களை ஆன் பண்ற என்எஃப் கப்பா பி நியூக்ளியஸுக்குள்ள போய் வைரஸோட எல்டிஆர்ல (அதோட ஆன் ஸ்விட்ச் பகுதி) உக்காரும், ஆர்என்ஏ எழுதுற பாலிமரேஸ் ஓட ஆரம்பிக்கும், ஆனா வைரஸோட சொந்த டாட் புரதம் இல்லன்னா கொஞ்ச தூரத்துலயே நின்னுடும். டாட் வந்து ஆர்என்ஏ முனையில இருக்க டார் மடிப்பைப் புடிச்சு, நம்ம செல்லோட சிடிகே9 என்சைம், சைக்ளின் டி1 (T1) புரதம் ஜோடியை இழுத்துட்டு வந்தாதான் முழு நீளத்துக்கும் போகும், போனா இன்னும் டாட் வரும், அது இன்னும் வேகத்தை ஏத்தும். எல்டிஆர் பக்கத்துல ஒரு நியூக்ளியோசோம் (டிஎன்ஏ சுத்திக்கிட்ட புரத உருண்டை) இறுக்கி உக்காந்திருக்கும், அதை இறுக்கமா வைக்கிற எச்டாக் என்சைமுக்கு தடுப்பான் போட்டா அது தளரும்.

அதைவிட ஆச்சரியம், ஒரே குளோன், வைரஸ் நுழைஞ்ச இடமும் ஒண்ணுதான், ஒரே மருந்து, ஆனாலும் கொஞ்சம் செல் எரியுது கொஞ்சம் செல் இருட்டாவே இருக்கு. ஆரம்பத்துல டாட் தற்செயலா எவ்ளோ உருவாச்சுங்கறதே அந்த செல் எந்தப் பக்கம் சாயும்னு மாத்திடுது. ஒவ்வொரு செல்லோட ஒளியையும் அளக்குற ஃப்ளோ சைட்டோமீட்டர்ல ரெண்டு மேடா பிரிஞ்சு வர்றத பாத்தா தான் இது நல்லா புரியும்.

வளக்குறது ஈஸி, சாதா ஆர்பிஎம்ஐ (செல் வளக்குற திரவம்), சீரம் போதும். 10.6ல ஒண்ணும் போடாமலே சில செல் பச்சையா இருக்கும், அதனால வேலைக்கு முன்னாடி ஜிஎஃப்பி இல்லாததை மட்டும் சார்ட் பண்ணி எடுத்துக்கோங்க, மருந்து போடாத கன்ட்ரோல் கட்டாயம் வைங்க.

குறைனு பாத்தா பெரிய குறை. ஜுர்காட் ஒரு லுக்கேமியா செல், எப்பவும் பெருகிட்டே இருக்கும், ஆனா நோயாளி உடம்புல வைரஸ் ஒளிஞ்சிருக்கறது பெரும்பாலும் ஓய்வுல இருக்க சிடி4 செல்லுல, அங்க என்எஃப் கப்பா பியும் கம்மி, சிடிகே9 வேலையும் கம்மி. அது மட்டுமில்ல, உடம்புல வைரஸ் ஆயிரம் வேற வேற இடத்துல சொருகிருக்கும், இங்க ஒரு குளோனுக்கு ஒரே இடம். 10.6 வேற சுலபமா எழும்புற ரகம், அதனால வைரஸை எழுப்புற மருந்து நிறைய இதுல நல்ல ரிசல்ட் மாதிரி காட்டும். வோரினோஸ்டாட்ங்கற எச்டாக் தடுப்பான் விஷயத்துல 2012ல நோயாளிகள்கிட்ட பண்ணதுல சிடி4 செல்லுல வைரஸ் ஆர்என்ஏ கூடுச்சு, சரி, ஆனா பின்னாடி வந்த சோதனைகள்ல ரிசர்வாயர், அதாவது வைரஸ் ஒளிஞ்சிருக்க செல் கூட்டம், குறையல, எழுப்புறது வேற, அந்த செல்லைக் காலி பண்றது வேற.

பாடம் நடத்த, மெக்கானிசம் பாக்க 5க்கு 5. மருந்து தேடுறதுக்கு 5க்கு 2.5 தான், அதுவும் 8.4 மாதிரி இன்னொரு குளோனும் நோயாளியோட சிடி4 செல்லும் சேத்து பாத்தா மட்டும்.