குற்றாலம் பேரருவியா, பாபநாசம் அகஸ்தியர் அருவியா?

சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளை எங்கே குளிக்கக் கூட்டிப் போவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் அகஸ்தியர் அருவிதான் என்று சொல்லிவிட்டேன். போய்க் குளித்துவிட்டும் வந்தாயிற்று. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

பேருந்தில் வருபவர்களுக்குக் குற்றாலம் சுலபம். தென்காசி ரயில் நிலையம் பக்கத்தில், இறங்கினால் அருவி, கோயில், கடைகள், எண்ணெய் மசாஜ் எல்லாம் நடக்கிற தூரம். சீசன் நாளில் ராத்திரியும் குளிக்கலாம். அந்தச் சாரலுக்கு ஈடே கிடையாது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் தண்ணீர்? விஷயமே அதில்தான் இருக்கிறது. பேரருவிக்கு மேலே அணை எதுவும் இல்லை, மலையில் பெய்கிற மழைதான் அப்படியே வருகிறது. அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கைகொடுத்தால் உண்டு, கோடையில் பாறைதான். மழை கூடினாலோ தண்ணீர் அருவிக்கு முன்னால் இருக்கிற பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தொட்டுவிடும், உடனே குளிக்கத் தடை. 2024 மே 17 அன்று பக்கத்து அருவியான பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரையே கொண்டுபோனது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை யோசிக்காமல் கிளம்பக் கூடாது.

அகஸ்தியர் அருவியில் விழுவது தாமிரபரணி. வற்றாத ஆறு, மேலே காரையாறு அணையும் இருக்கிறது, அதனால் குற்றாலம் காய்ந்து கிடக்கிற மாதங்களிலும் இங்கே தலையை நனைக்கத் தண்ணீர் இருக்கும். சரி, வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கினால் இதையும் மூடுவார்கள். புலிகள் கணக்கெடுப்பு நடக்கிற நாட்களிலும், ஆடி அமாவாசைக்கு அதே மலைக்காட்டில் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் வருகிறபோதும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிற விஷயம், காலையில் கிளம்பி மதியம் ஏமாந்து திரும்புகிற கதை இல்லை.

இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு கூடாது. சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, காலில் ஷாம்பு பாக்கெட் ஒட்டாமல் குளிக்க முடிகிறதே!

குற்றாலத்தின் இன்னொரு அருவியான ஐந்தருவியை இதில் இழுக்கவில்லை, சீசன் கூட்டத்தில் அங்கே நான் அதிகம் போனதில்லை. ஆனி, ஆடியில் சாரல் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டால் தாராளமாகக் குற்றாலம் போங்கள். மற்ற மாதங்களில் பாபநாசம். அப்புறம், மாலையில் சோதனைச்சாவடியை அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.