டொமைன் பெயர் தகராறு: யூடிஆர்பியா, யூஆர்எஸ்ஸா, நீதிமன்றமா?

உங்கள் வணிகக் குறியை யாரோ டொமைன் பெயராக, அதாவது இணைய முகவரியாக, பதிந்துகொண்டு விலை பேசுகிறார். எங்கே முறையிடுவது? பெயர் வேண்டுமா, அந்தத் தளம் நின்றால் போதுமா, நஷ்டஈடும் வேண்டுமா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பெயரே வேண்டும் என்றால் யூடிஆர்பி. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த, நீதிமன்றம் போகாமல் நடுவர் தீர்க்கும் நடைமுறை இது. பெயர் உங்கள் குறியைப் போலவே குழப்பும்படி இருக்கிறது, எதிர்த்தரப்புக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து அப்படியே பயன்படுத்தவும் செய்தார் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்த வழக்குகளை நடத்தும் ஐ.நா. அமைப்பான வைப்போவில் ஒரே நடுவர் என்றால் ஐந்து பெயர் வரை கட்டணம் 1,500 டாலர். வழக்கமாக இரண்டு மாத வேலை.

பலர் சறுக்குவது அந்த மூன்றாவதில்தான். பதிவு, பயன்பாடு இரண்டிலுமே கெட்ட எண்ணம் தெரிய வேண்டும். தளமே இல்லாமல் பெயரைச் சும்மா வைத்திருப்பதும், சூழ்நிலையைப் பொறுத்து, கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துவதாகும் என்று 2000-ல் ஆஸ்திரேலியத் தொலைபேசி நிறுவனமான டெல்ஸ்ட்ராவின் வழக்கில் நடுவர் சொன்னது பெரிய உதவி. ஆனால் உங்கள் குறி பிறக்கும் முன்பே பதிவான பெயர் என்றால் பொதுவாக வெல்ல முடியாது. அது சரிதான் என்பேன். முதலில் பதிந்தவர் எல்லாரும் திருடர் அல்ல. அவரை மிரட்டிப் பிடுங்கப் பார்த்தால், அதையும் நடுவர் தீர்ப்பிலேயே பதிவு செய்வார். பிரிட்டனின் டாட் யூகே பெயர்களை நிர்வகிக்கும் நாமினெட் அமைப்பின் விதி வேறு மாதிரி: பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்று முறைகேடாக இருந்தாலே போதும்.

தளம் நின்றால் போதும் என்றால் யூஆர்எஸ், பெயரை விரைவாக முடக்கும் நடைமுறை. 2013-ல் புதிய டொமைன் விகுதிகளோடு (டாட்டுக்குப் பின் வரும் பகுதி) வந்தது. செலவு குறைவு, எதிர்த்தரப்பு பதில் தர 14 நாள்தான். ஆனால் ஆதாரம் தெள்ளத்தெளிவாக இருக்க வேண்டும். வென்றாலும் பெயர் முடங்கும், உங்களுக்கு வராது. போலித் தளம் ஆட்களை ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது இதையே எடுப்பேன்.

நஷ்டஈடு என்றால் நீதிமன்றம்தான். அமெரிக்காவின் 1999 சட்டப்படி ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை கேட்கலாம். செலவும் காலமும் அதிகம். யூடிஆர்பி இந்தக் கதவை அடைப்பதில்லை: தோற்றவர் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டால் பெயர் மாற்றம் நிறுத்தி வைக்கப்படும்.

எந்த வழியானாலும் எதிர்த்தரப்புக்கு எழுதும் முன் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கடிதம் போனதும் பக்கம் மாறிவிடலாம்.