ஆலப்புழா அரசு போட்: மேப் எங்கே உதவும், எங்கே காலை வாரும்

ஆலப்புழா போகிறேன் என்று வேலூரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஹவுஸ்போட் வாடகை எவ்வளவு என்பதுதான். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எழுத வந்தது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிற சாதாரண பயணி போட்டைப் பற்றி. டவுன் பஸ் டிக்கெட் மாதிரி காசு கொடுத்துவிட்டு இவ்வளவு தண்ணீரை மணிக்கணக்கில் பார்க்க வேறு எங்கேயும் முடியாது, அதுவும் பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு. (2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.) ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை ஏன் குறைகிறது என்று போகப் போகச் சொல்கிறேன்.

காட்பாடியில் இருந்து போவது ரொம்ப சுலபம். சென்னை–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம் தாண்டி கடலோரப் பாதையாக ஆலப்புழாவிலேயே இறக்கிவிடும். ஸ்டேஷன் இருப்பது கடற்கரைப் பக்கம், போட் ஜெட்டி இருப்பது ஊருக்குள் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, இடையில் நாலு கிலோமீட்டர் போல வரும். அந்த நாலு கிலோமீட்டரில்தான் புரோக்கர் தொல்லை. "கவர்மெண்ட் போட் இன்னிக்கு ஓடாது சார், நம்ம போட்ல வாங்க" என்று சுத்தமான தமிழில் ஒருவர் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு அரசு போட் வரிசையாக நிற்கிறது, ஒன்றில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் ஜெட்டி வரை நடந்து கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, மேப். ஆலப்புழா டவுனுக்குள் நடப்பதற்கு போன் மேப் தாராளமாகப் போதும், ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருந்தால். ஊரைக் கிழக்கு மேற்காக இரண்டு பெரிய கால்வாய்கள் வெட்டுகின்றன. வடக்கில் இருப்பது வாடைக் கால்வாய், தெற்கில் இருப்பது கமர்ஷியல் கால்வாய். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோக வெட்டியவை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டின் கரையிலும் ரோடு, மரம், சின்னச் சின்னப் பாலம். யாராவது "கால்வாய் ஓரமா போங்க" என்று வழி சொன்னால் எந்தக் கால்வாய் என்று திருப்பிக் கேளுங்கள். ஜெட்டி வாடைக் கால்வாயில் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

டவுனைத் தாண்டி, நெல் வயலும் நீர்வழியுமாகக் கிடக்கிற குட்டநாட்டுக்குள் போனதும் மேப்பின் புத்தி மாறிவிடுகிறது. அதற்கு ரோடுதான் தெரியும், தண்ணீர் என்றால் நீலமாகப் பூசிய தடை. எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு வழி கேட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் போகச் சொல்லும், உள்ளூர்க்காரர் ஒரு ஜெட்டியில் ஏறி அடுத்த ஜெட்டியில் இறங்கிக் கதையை முடித்துவிடுவார். எங்கள் தெருவில் சிஎம்சியில் நர்ஸாக இருக்கும் கோட்டயத்து அக்கா ஒருவர் கிளம்பும்போதே சொன்னார், "ஊர் பேரைத் தேடாதே, ஜெட்டி பேரைத் தேடு." அது நூற்றுக்கு நூறு சரி. போட் நிற்கும் இடங்களின் பெயரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம்தான் எந்தக் கரை, எவ்வளவு தூரம் என்பதெல்லாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை (எல்லோரும் சேர்ந்து வரைகிற இலவச மேப்) வைத்து ஓடுகிற ஆப் ஏதாவது ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். போட் போகும் வழியைப் புள்ளிக் கோடாகக் காட்டும், நடந்து போகிற சின்னப் பாலங்களையும் காட்டும். எதுவாக இருந்தாலும் லாட்ஜ் வைஃபையில் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்வது நல்லது, காயல் (கடலோரத்துப் பெரிய ஏரி) நடுவில் சிக்னல் வரும் போகும்.

மேப்புக்கு உண்மையான வேலை போட்டில் ஏறிய பிறகுதான் இருக்கிறது. வழி கேட்காமல், நாம் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். போட் நேராகப் போகாது, இந்தக் கரையில் ஒரு ஜெட்டி, எதிர்க்கரையில் அடுத்தது என்று குறுக்கே தைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் திசை குழம்பிவிடுகிறது. நீலத்துக்கு நடுவே நம் புள்ளி நகர்வதைப் பார்த்தால் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே எழுந்து வாசலுக்கு வந்துவிடலாம். எழுதிப் போட்ட பலகைகள் பெரும்பாலும் ஊர்க்காரர்களுக்கானவை, மலையாளத்தில் இருக்கும். நம்மால் படிக்க முடியாது, அதனால் அந்த அக்காவிடம் ஜெட்டிப் பெயர்களைத் தாளில் மலையாளத்தில் எழுதி வாங்கிப் போயிருந்தேன். பக்கத்தில் இருப்பவரிடம் தாளை நீட்டினால் போதும், வேலை முடிந்தது.

இனி போட். காலையில் இதில் வருகிறவர்கள் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஏறுகிற அதே கூட்டம்தான்: ஸ்கூல் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி, மீன் கூடை, ஆபீஸ் பை. நீளமான உடம்பு, இரண்டு பக்கமும் திறந்த ஜன்னல், பெஞ்ச் சீட். டிக்கெட் உள்ளேயே கொடுக்கிறார்கள், சில்லறை கையில் இருக்கட்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஓட்டுகிற முறை. முன்னால் சக்கரத்தைப் பிடித்திருப்பவர் ஸ்ராங்க், ஆனால் எஞ்சின் அவர் கையில் இல்லை. எஞ்சின் பக்கத்தில் டிரைவர் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ராங்க் கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும், அதைக் கேட்டுத்தான் டிரைவர் வேகத்தைக் குறைப்பதும் பின்னால் எடுப்பதும். ஒருவர் பார்க்கிறார், இன்னொருவர் பார்க்காமலே ஓட்டுகிறார். ஜெட்டி நெருங்கியதும் லஸ்கர் கயிற்றோடு தயாராக நிற்பார், கம்பத்தில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்து இழுப்பார், போட் அடங்கி ஒட்டும், ஐந்தாறு பேர் இறங்கி நாலு பேர் ஏறுவதற்குள் கயிறு கழன்று மறுபடி மணி. எஞ்சினை ஒட்டிய சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், சத்தத்தில் பேச முடியாது. என் அரை மதிப்பெண் போனது அங்கேதான்.

புன்னமடை தாண்டினால் காட்சி மாறும். நேரு கோப்பை படகுப் போட்டி நடக்கிற இடம் அதுதான். 1952இல் நேரு வந்தபோது நடந்த போட்டியில் இருந்து ஆரம்பித்த கதை. அதற்கு அப்புறம் குட்டநாட்டு வயல்கள். இங்கே ஜன்னலோரம் இருந்தால் தலை சுற்றும், ஏனென்றால் நாம் போகிற தண்ணீர் மேலே இருக்கிறது, நெல் வயல் கீழே இருக்கிறது. கடல் மட்டத்துக்கும் கீழே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பள்ளத்தில் வரப்பு கட்டி, தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்து விவசாயம் செய்கிறார்கள். கால்வாய்த் தண்ணீர் வழிந்துவிடாமல் நடுவில் நிற்பது ஒரு மண் கரை மட்டும், அதன் மேல்தான் வீடு, தென்னை, கோவில், டீக்கடை எல்லாம். போட்டில் உட்கார்ந்தபடி வயலை எட்டிக் குனிந்து பார்க்கிற இந்த ஒரு காட்சிக்காகவே என் அம்மா மறுபடி போகலாம் என்கிறார், ஒரு போக நெல்லுக்கே தண்ணீருக்கு அல்லாடிய ஆரணிப் பக்கத்துக் குடும்பம் அவருடையது.

கொச்சி வாட்டர் மெட்ரோ இதைவிட மேலா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில் ஆரம்பித்தது, கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய பேட்டரி போட், ஏசி, நூறு பேர் போகலாம், ஸ்டேஷனில் கேட், க்யூஆர் டிக்கெட், தண்ணீர் மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மிதவை மேடை. அதனால் வீல்சேர்கூட நேராக உள்ளே போகும், மூட்டு வலிக்காரர்களை அங்கே கூட்டிப் போவதுதான் சரி. வழி கண்டுபிடிக்கிற வேலையே அங்கே இல்லை, மெட்ரோ ரயில் மாதிரி போர்டைப் பார்த்து ஏறி இறங்கலாம். எனக்கு ஆலப்புழாதான், ஆனால் முதல் தடவை போகிற குடும்பத்துக்குக் கொச்சியில் ஹைகோர்ட் டெர்மினலில் ஆரம்பித்துப் பழகிக்கொள்ளச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2002 ஜூலையில் முகம்மாவில் இருந்து குமரகம் போன போட் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அதனால் நெருக்கித் தள்ளுகிற கூட்டமாக இருந்தால் அடுத்த போட்டுக்கு நில்லுங்கள். பண்டிகை நாளில் குழந்தைகளோடு ஏறி சாகசம் காட்ட வேண்டாம்.

திரும்பி வருவதற்குத்தான் என் உண்மையான சிபாரிசு. வந்த வழியே ஆலப்புழாவில் ரயில் ஏறாமல், போட்டிலேயே கோட்டயம் போய்விடுங்கள். இரண்டரை மணி நேரம் போல ஆகும், காயல் விளிம்பைத் தொட்டு, அப்புறம் குறுகலான கால்வாய்க்குள் நுழைந்து கோடிமதா ஜெட்டியில் முடியும். கோட்டயம் நெருங்கும்போது குறுக்கே தூக்குப் பாலங்கள் வரும். போட் ஹாரன் அடித்தால் பாலத்தைத் தூக்கி வழி விடுவார்கள், சைக்கிளோடு ஒருவர் இந்தப் பக்கம் காத்து நிற்பார், நாம் தாண்டியதும் பாலம் இறங்கி அவர் போவார். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலோ பாலத்தில் பழுது என்றாலோ சில சமயம் காஞ்சிரம் வரைக்கும்தான் போகும், அங்கிருந்து ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்கணும். இதை எந்த மேப்பும் சொல்லாது, ஏறும் முன் "கோட்டயம் வரை உண்டா?" என்று ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள், தமிழில் கேட்டாலே புரியும். சாயங்காலம் கோட்டயம் வருகிற திருவனந்தபுரம்–சென்னை மெயில் விடியற்காலையில் காட்பாடியில் இறக்கிவிடும். மத்தியான போட்டை நம்பினால் ரயில் நேரத்துக்கு இழுபறியாகிவிடும், காலை போட்டையே பிடியுங்கள், மீதி நேரத்துக்குக் கோட்டயத்தில் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது.