புல்வெட்டி தூக்காததற்கு டிராக்டர் பம்பைக் கழற்றினார்கள்

தென்னாப்பிரிக்காவில் கேம்பர்டவுன், ஷோங்வேனி பக்கம் புல் போட்டுப் பிழைக்கிற நம் ஆட்கள் யார் கண்ணிலாவது இது பட்டால் தெரிந்த நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள். 640 ரேண்ட் ஹோஸில் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 26,800 ரேண்ட் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு 18 ஹெக்டேரையும் நானும் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம். எல்லாம் எராக்ரோஸ்டிஸ் புல். உலர்த்தி பேல் பேலாக, அதாவது கட்டுக் கட்டாகக் கட்டி ஷோங்வேனி குதிரை லாயங்களுக்குக் கொடுக்கிறோம். குதிரைக்காரர்கள் மழை பட்ட பேலைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள், பூஞ்சைத் தூசி குதிரைக்கு ஆகாது. அதனால் பிப்ரவரியில் நாலு நாள் வெயில் கிடைத்தால் அந்த நாலு நாளில் வெட்டி, உலர்த்தி, கட்டிவிட வேண்டும். காவடி முடிந்த மறுவாரம் அப்படி ஒரு வெயில் வந்தது. வெட்டத் தொடங்கிய முதல் நாள் மதியமே கோளாறு.

எங்களுடையது டிராக்டர் பின்னால் இழுக்கிற பழைய புல்வெட்டி. வரப்பு முனையில் திரும்பும்போது வெட்டும் பகுதியை ஹைட்ராலிக்கில், அதாவது டிராக்டர் பம்ப் தள்ளுகிற ஆயில் அழுத்தத்தில் தூக்க வேண்டும். லீவரை இழுத்தால் தூக்கவில்லை, ஒரு நிமிஷம் பிடித்திருந்தால் ஒரு சாண் ஏறும். ஆனால் இறக்கினால் சட்டென்று இறங்கிவிடும். இன்னொன்றும் கவனித்தேன், லீவரைப் பிடித்திருக்கும்போது எஞ்சின் சத்தம் கனமாகி கீச்சென்று ஒரு ஒலி வரும். இதை மெக்கானிக்கிடம் மூன்று தடவை சொன்னேன். கோளாறு எங்கே என்பதற்கான பதிலே அதில்தான் இருந்திருக்கிறது, எனக்கு அப்போது தெரியாது.

மெக்கானிக்கைக் கோவிலில்தான் பழக்கம். பக்கியில் வந்து இறங்கினார் (தமிழ்நாட்டில் படிக்கிறவர்களே, இங்கே பக்கி என்றால் வண்டி, அவரைத் திட்டவில்லை, இன்னும்). "வணக்கம் அக்கா, சௌக்கியமா?" என்றார். அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். இந்தப் பக்கம் இரண்டு வார்த்தை தமிழ் பேசும் மெக்கானிக் கிடைப்பது அபூர்வம், அந்த இரண்டு வார்த்தைக்கு எவ்வளவு விலை என்று இப்போதுதான் புரிகிறது. டிராக்டரை ஓட்டுகிறவள் நான், கேள்வி கேட்கிறவளும் நான், ஆனால் பதிலை எல்லாம் தம்பியைப் பார்த்தே சொன்னார். பிரஷர் கேஜ் ஒன்றும் மாட்டவில்லை. லீவரை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார், "பம்ப் போச்சு" என்றார். எவ்வளவு ஆகும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு "பத்துக்குள்ள முடிச்சிடலாம் அக்கா" என்று பதில் வந்தது, பத்தாயிரத்தைச் சொன்னார்.

இரண்டு நாள் வேலை. புது பம்ப் 15,800, ஆயில் 40 லிட்டர் 2,900, கூலி 6,400, வந்து போன செலவு 1,700. மேகம் திரண்டு வருகிற பதற்றத்தில் சண்டை போடத் தோன்றவில்லை, கட்டிவிட்டேன். டிராக்டரை ஸ்டார்ட் செய்து லீவரை இழுத்தால் மறுபடியும் அதே ஒரு சாண், அதே கீச். உடனே அவர், "அப்போ கன்ட்ரோல் வால்வும் போயிருக்கும், அது தனி பில்" என்றார். அன்று ராத்திரி மழை கொட்டியது. வெட்டிப் போட்ட ஐந்து ஹெக்டேர் புல்லை மாட்டுக்காரருக்கு வந்த விலைக்குத் தள்ளினேன்.

டோங்காட்டில் இருக்கும் மாமா சர்க்கரை ஆலை கராஜில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். முதலில் அவரைக் கூப்பிடாதது என் தப்பு, வயதானவரை எதற்கு அலைய விடுவது என்று நினைத்தேன். வந்ததும் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. "பாப்பா, டிப்பர் டிரெய்லரை இதே கப்ளரில் மாட்டிப் பாத்தியா?" என்று கேட்டார். கப்ளர் என்றால் டிராக்டரில் ஹோஸை மாட்டுகிற இணைப்பு. மாட்டினோம். மண் ஏற்றிய டிரெய்லர் ஜம்மென்று தூக்கியது. சரி, அப்படியானால் பம்ப், வால்வு, டிராக்டர் பக்கக் கப்ளர் எல்லாமே நன்றாக இருக்கின்றன, கோளாறு புல்வெட்டியில். பழைய பம்ப் இருந்தபோதே இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எஞ்சின் கனமாவதும் கீச் சத்தமும் பம்ப் அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆயில்தான் போக வழியில்லாமல் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வு) வழியாகத் திரும்புகிறது என்பதற்கு அடையாளமாம். பம்ப் செத்திருந்தால் எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் சும்மா ஓடும் என்றார்.

அப்புறம் வெட்டும் பகுதியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட்டு ஹோஸைக் கழற்றினார். கம்ப்ரஸர் காற்றை, வெட்டும் பகுதியைத் தூக்குகிற சிலிண்டர் பக்க முனையிலிருந்து விட்டால் தாராளமாகப் போகிறது, டிராக்டர் முனையிலிருந்து விட்டால் அடைத்துக்கொள்கிறது. கத்தியால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. ஆயில் உள்ளே போகும்போது அந்த நாக்கு மூடிக்கொள்ளும், திரும்பி வரும்போது திறந்துவிடும், அதனால்தான் தூக்கவில்லை, ஆனால் இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸில் ஒரு கீறல் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புது ஹோஸ் செய்து வாங்கினோம், 640.

புது ஹோஸ் மாட்டிய பிறகு ஒரு பக்கம் முந்தி ஏறியது, இன்னொரு பக்கம் பின்தங்கியது. இதற்கும் யாராவது சிலிண்டர் மாற்றச் சொல்லுவார்கள், ஏமாறாதீர்கள். எங்கள் புல்வெட்டியில் இரண்டு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருக்கின்றன, நடுவில் காற்று புகுந்தால் அப்படித்தான் ஆகும். முழுக்கத் தூக்கி லீவரை சில நொடி அப்படியே பிடித்தோம், நாலைந்து தடவையில் சமமாகிவிட்டது. நான் கசிவு இருக்கிறதா என்று ஹோஸைக் கையால் தடவப் போனதற்கு மாமா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 170, 200 பார் அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவு பார்க்க அட்டைத் துண்டை நீட்டுங்கள், கையை இல்லை.

இனி பம்ப் சங்கதி. மாமா அந்தப் 'புது' பம்பை நகத்தால் சுரண்டினார். மேலே கறுப்பு பெயிண்ட், அடியில் நீலம், அதற்கும் அடியில் துரு. என் பழைய பம்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று மெக்கானிக்குக்குப் போன் செய்தால் "அது ஸ்கிராப்புல போயிடுச்சு அக்கா" என்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப் அது!

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடினேன். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 67-ஆம் பிரிவின்படி, கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்திருந்து, நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, திருப்பிக் கொடுக்க வேண்டியது அவர் கடமை. 15-ஆம் பிரிவின்படி, சொன்ன மதிப்பீட்டைத் தாண்டி வாங்குவதென்றால் முதலில் நம்மிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 57-ஆம் பிரிவு, மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. பத்துக்குள் என்ற அந்த வாட்ஸ்அப்பை அழிக்காமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரைதான் கேட்கலாம், மீதியை விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும், ஆனால் வக்கீல் செலவு இல்லை, அங்கே வக்கீலை விடவே மாட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மெக்கானிக்குக்கு 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுத்து இன்றோடு 11 நாள். நேற்று அவர் என் தம்பிக்கு போன் செய்து, கோவில் ஆட்களுக்குள் எதற்கு இதெல்லாம், ஏழாயிரம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றாராம். என்னைக் கூப்பிடவில்லை. கிழித்த ஹோஸ் துண்டைப் பழைய துணியில் சுற்றி, பில்லோடு சேர்த்துச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன், கெடு முடிகிற திங்கட்கிழமை தேவைப்படும்.