கீறினால் தடிக்கும் தோல்: ஆறு வருட மாத்திரை அனுபவம்

முதலில் கவனித்தது அம்மாதான். "யாருடி முதுகுல கீறினது?" என்று கேட்டார், நான்கு கோடுகள் தடித்திருந்தன, நானே சொறிந்துகொண்டது. அரை மணி நேரத்தில் சுவடே இல்லை. காணாக்கடி என்று முடிவு கட்டி வெற்றிலையில் மிளகு மடித்துக் கொடுத்தார். ஒரு வாரம் மென்றேன், காரம்தான் மிச்சம்.

அப்புறம் பாவாடை நாடா, கைப்பை வார், காய்கறிப் பையின் காது என்று எது அழுத்தினாலும் அதே அச்சில் தடித்து அரிக்க ஆரம்பித்தது. ஒரு லேபில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தேன், குத்திய இடமெல்லாம் வீங்கியது. எதுவும் வரக்கூடாத உப்புத்தண்ணீர் குத்தல்கூட! அதையும் பார்க்காமல் கத்திரிக்காயிலிருந்து கடலை வரை ஒதுக்கச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்தார்கள். காசு போனதுதான்.

தோல் டாக்டர் டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. பேனா மூடியால் முன்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார், பத்து நிமிடத்துக்குள் அது கயிறு மாதிரி எழும்பிச் சுற்றிலும் சிவந்துவிட்டது. டெர்மோகிராஃபிசமாம். லேசாக உரசினாலே தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள், அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டிவிடும். நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு இப்படித் தடிக்கும், பலருக்கு அரிப்பே இருக்காது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின் மாத்திரை, 10 மி.கி. அரிப்பு நின்றது, ஆனால் காலையில் பால் பொங்கி வழிவதை அடுப்புப் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன், அவ்வளவு மந்தம். அடுத்து அதே வகையில் பிலாஸ்டின் 20 மி.கி. இதில் எனக்கு அந்தத் தூக்கக் கலக்கம் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும், கூடப் பழச்சாறும் ஆகாது. இது தெரியாமல் மூன்று மாதம் இட்லியோடு விழுங்கிவிட்டு மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை அடக்கி வைக்கும், குணப்படுத்தாது. நானாக இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன், மூன்றே நாளில் திரும்பி வந்தது. இப்போது டாக்டர் சொல்லி ஒருநாள் விட்டு ஒருநாள். வெந்நீரில் குளிப்பதையும் பீர்க்கங்கூடு போட்டு உடம்பு தேய்ப்பதையும் விட்டதும் பாதி நிம்மதி. ஒன்று மட்டும்: தடிப்பு ஒரு நாளைத் தாண்டி நின்றாலோ கன்றிப்போனாலோ இது வேறு, டாக்டரிடம் காட்டுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அக்கா பையனுக்கு என் கைதான் சிலேட்டு. ஆனா ஆவன்னா எழுதிவிட்டுக் காத்திருப்பான், எழும்பாவிட்டால் முகம் தொங்கிவிடும். "சித்தி, இன்னிக்கு மாத்திரை போட்டுட்டியா?"