பழவேற்காடா, கோடியக்கரையா?

பொங்கல் விடுமுறைக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்றதும் எங்கள் வீடு இரண்டு கட்சியாகிவிடும். மனைவி பழவேற்காடு, நான் கோடியக்கரை. அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர்தான். மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், பொழுது சாய்வதற்குள் வீடு. கோடியக்கரை என்றால் சுமார் 350 கிலோமீட்டர். ராத்திரி பஸ் பிடித்து வேதாரண்யத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னும் பத்துப் பதினோரு கிலோமீட்டர்.

பூநாரை (ஃபிளமிங்கோ) இரண்டு இடத்திலும் உண்டு. எவ்வளவு தூரத்தில் என்பதுதான் கேள்வி. பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி. தண்ணீர் எங்கே கணுக்கால் அளவுக்கு வடிகிறதோ அங்கே போய்க் கூட்டம் நிற்கும். ஊர்க்கரையில் நின்று பார்த்தால் பல நாள் வெறும் வெள்ளைக் கோடுதான். கிட்டே போகலாம் என்று படகுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். மிதவைச் சட்டை இருக்கிறதா என்றேன், சிரித்தார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நாங்கள் ஏறவில்லை.

அதைவிட நல்ல வழி, ரயிலில் ஆந்திராவிலுள்ள சூலூர்ப்பேட்டை வரை போய்விடுவது. ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரிக்கு நடுவே ஓடுகிறது. அந்தச் சாலையோரத்தில்தான் பூநாரை தின்பதை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகால் சேற்றை அளைகிறது. நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ள, அலகுக்குள் இருக்கும் சீப்பு போன்ற வரிசை இரையை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. இளஞ்சிவப்பு நிறமும் அந்தத் தீனி கொடுப்பதுதான்.

சாப்பாட்டில் பழவேற்காட்டை யாரும் அசைக்க முடியாது. நண்டும் இறாலும் அப்படி. கூடவே டச்சுக்காரர் கல்லறை, வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பையனுக்குப் பறவையைவிட அதுதான் பிடித்தது.

சரி, கோடியக்கரைக்கு வருவோம். 1967இல் இது சரணாலயமானது பறவைக்காக அல்ல, வெளிமானுக்காக. வங்கக் கடலோரமாகத் தெற்கே வரும் கரை சட்டென்று மேற்கே திரும்பும் மூலை இது. காடு, புல்வெளி, சதுப்பு, உப்பளம் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே. காலையில் வெளிமான், வெயில் ஏறுவதற்குள் உள்ளான் என்ற சேற்றில் இரை தேடும் கரைப்பறவை என்று ஒரே நாளில் முடியும். பழவேற்காட்டில் அதற்கு வழியில்லை.

நாங்கள் போனபோது ஓர் ஆண் வெளிமான் பாதையோரப் புல்லில் நின்றது. முதுகு கரியது, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிய கயிறு. பெட்டைகள் மண் நிறத்தில் அதைச் சுற்றி மேய்ந்தன. கொஞ்ச தூரத்தில் மட்டக்குதிரைகள், எப்போதோ மனிதன் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள். புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்திருப்பதுதான் கண்ணை உறுத்தியது.

உப்பளத்தில் கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவுதான், ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் காலில் வளையம் மின்னியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல காலமாக இங்கே பறவைகளுக்கு வளையம் போடுகிறது. வளையத்தில் இருந்த எண்ணைப் படிப்பதற்குள் அது பறந்துவிட்டது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் லீவு என்றால் சூலூர்ப்பேட்டை பக்கம் போங்கள். இரண்டு நாள் கிடைத்தால் யோசிக்காமல் கோடியக்கரை. டிசம்பர் முதல் பாதியில் இரண்டுமே வேண்டாம். மழைத் தண்ணீர் ஏறி நின்றால் உள்ளான்களுக்குக் கால் வைக்க இடமிருக்காது. ஜனவரியில் போங்கள், தின்பதற்கும் குடிப்பதற்கும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உப்பளத்துக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கானல் ஆடும். பைனாகுலரில் உள்ளானும் உப்புக்கட்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.